44 மதிப்பெண், பச்சை நிறம், மிச்சம் நான்கு நாள்

கோப்பறை எழுதியது:

எங்கள் அலுவலகத்தில் ஒன்பது வழக்குரைஞர்கள், நடப்பில் 310 வழக்குகள். வழக்கு மேலாண்மை மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில். நானும் வழக்குரைஞர்தான். எக்செல் தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து இது என் பொறுப்பு.

சென்ற ஆண்டு அந்த மென்பொருளில் இருந்த ரிஸ்க் ஸ்கோர் வசதியைப் பயன்படுத்தத் தொடங்கினோம். ஆறு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, 5 என்றால் ஆபத்து அதிகம். வெயிட்டேஜ், அதாவது எதற்கு எத்தனை சதவீதம் எடை என்பது, நாங்களே உட்கார்ந்து பேசி வைத்தது: காலக்கெடு 25, வழக்கின் தொகை 20, சாட்சியத்தின் நிலை 20, வழக்கின் சிக்கல் 15, கட்சிக்காரர் ஒத்துழைப்பு 10, எதிர்த்தரப்பின் பலம் 10. பெருக்கிக் கூட்டி வருவதை இருபதால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று கிடைக்கும். 70ஐத் தொட்டால் சிவப்பு, 45 முதல் மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. திங்கள் காலைக் கூட்டத்தில் சிவப்பைப் பேசுவோம், நேரமிருந்தால் மஞ்சள். பச்சையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் நடந்தது இது. சின்னத் தொகை, நேரடியான ஒப்பந்த மீறல், கட்சிக்காரர் போன் செய்தால் எடுப்பவர், எதிர்த்தரப்பில் பெரிய ஆள்பலம் கிடையாது. ஆனால் தாக்கல் செய்யக் காலவரையறை முடிய நான்கே நாள். கவனித்த ஜூனியர் காலக்கெடுவுக்குச் சரியாகவே 5 போட்டிருக்கிறார். சாட்சியம் 2, மற்ற நான்குக்கும் 1. கணக்குப் போட்டுப் பாருங்கள்: காலக்கெடு 1.25, சாட்சியம் 0.40, தொகை 0.20, சிக்கல் 0.15, கடைசி இரண்டும் 0.10 வீதம். மொத்தம் 2.20. இருபதால் பெருக்கினால் 44.

பச்சை!

மென்பொருளின் நினைவூட்டல் மின்னஞ்சல் அந்த ஜூனியருக்கு மட்டுமே போகும். அவர் விடுப்பில் இருந்தார். வேறு ஒரு கோப்பைத் தேடும்போது தற்செயலாக இது என் கண்ணில் பட்டது. கெடுவுக்கு முந்தின நாள் மாலை தாக்கல் செய்தோம். கட்சிக்காரருக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்திருந்தால் அவருக்கும் அன்று தூக்கம் போயிருக்கும்.

இப்போது மூத்தவர் "வெயிட்டேஜை மாற்று" என்கிறார். காலக்கெடுவை 40 ஆக்கி, மற்றவற்றை அதே விகிதத்தில் குறைத்துப் பார்த்தேன். அந்த வழக்கு 55க்கு வருகிறது, மஞ்சள்தான். எவ்வளவு வைத்தால் சரியாகும்? அல்லது நான் தவறான இடத்தில் திருகிக்கொண்டிருக்கிறேனா?

—

இரண்டாம் வரிசை எழுதியது:

60 வைத்தால் அந்த வழக்கு 70ஐ எட்டும். போட்டுப் பார்த்தேன். ஆனால் அப்புறம் மற்ற ஐந்துக்கும் சேர்த்து 40தான் மிஞ்சும். அதற்கு நாட்காட்டியையே பார்த்துவிட்டுப் போகலாமே.

—

தேதிப்புத்தகம் எழுதியது:

வக்கீல் குமாஸ்தாவாக 14 வருடம் வாய்தாப் புத்தகம் எழுதியவன் நான். இப்போது அலுவலகங்களுக்கு இந்த மாதிரி மென்பொருளை அமைத்துக் கொடுக்கிறேன். நீங்கள் சொன்ன கதையை வேறு வேறு எண்களோடு நான்கைந்து இடத்தில் பார்த்துவிட்டேன்.

வெயிட்டேஜ் போட்டுக் கூட்டுகிறோம் என்றாலே ஒன்றின் மோசத்தை இன்னொன்றின் நன்மை ஈடுகட்டலாம் என்று ஒப்புக்கொள்கிறோம். சாட்சியம் கொஞ்சம் பலவீனம், ஆனால் கட்சிக்காரர் நல்ல ஒத்துழைப்பு, ஆகவே பரவாயில்லை என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. காலவரையறை தாண்டிவிட்டது, ஆனால் கட்சிக்காரர் நல்ல மனிதர் என்று சொன்னால்? தேர்வில் மொத்தம் 92 சதவீதம் எடுத்தும் ஒரு பாடத்தில் தவறினால் தவறியதுதானே. உங்கள் ஸ்கோருக்கு மொத்தம் மட்டும்தான் தெரியும். பாடவாரியாகத் தேர்ச்சி மதிப்பெண் என்று ஒன்று அதில் இல்லை. இரண்டாம் வரிசை சொன்னதுபோல் 60 வைத்து அதைச் சரிசெய்யப் போனால், ஸ்கோரே நாட்காட்டியாகிவிடும்.

ஆகவே காலக்கெடுவை ஸ்கோரிலிருந்து வெளியே எடுங்கள். தனிப் பத்தியாக 'சிவப்புக்கொடி' என்று வையுங்கள். ஆம் அல்லது இல்லை, நடுவில் எதுவும் கிடையாது. நான் வழக்கமாகக் கொடியில் சேர்ப்பவை: கெடுவுக்கு 30 நாளுக்குள் வந்தும் தாக்கல் பதிவு இல்லாதது; நீதிமன்ற உத்தரவை நிறைவேற்ற வேண்டிய தேதி நெருங்குவது; நலன் முரண்பாடு (எதிர்த்தரப்பும் நம் கட்சிக்காரர்தானா என்பது போன்றவை) சரிபார்க்காமலே கோப்பு திறக்கப்பட்டிருப்பது; கட்சிக்காரர் பணத்தில் கணக்கு இடிப்பது; வழக்குக்குப் பொறுப்பாளரே இல்லாதது, அல்லது பொறுப்பாளர் விடுப்பில் போயும் மாற்று ஆள் பெயர் இல்லாதது. கடைசியாகச் சொன்னது மட்டும் இருந்திருந்தால் ஜூனியர் விடுப்பில் போன அன்றே உங்கள் வழக்கு தலைதூக்கியிருக்கும்.

கொடி விழுந்தால் ஸ்கோரை 100 ஆக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கொடி இறங்கிய பிறகு பழைய ஸ்கோர் என்ன என்று தெரியாமல் போய்விடும். இரண்டு பத்தி, இரண்டும் தனித்தனி.

அடுத்தது. காலக்கெடுவுக்கு ஒரு மனிதர் 1 முதல் 5 வரை போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் எனக்குப் பகீர் என்றது. தேதி தானாக நகரும், போட்ட எண் நகராது. இரண்டு மாதம் முன்பு 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று 1 போட்ட கோப்புகள் உங்களிடம் எத்தனை இருக்கும்? அந்த ஜூனியர் 5 போட்டது அவருடைய நல்ல பழக்கம், உங்கள் அமைப்பின் புண்ணியம் இல்லை. காலவரையறை எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியது என்பதை ஒருவர் உள்ளிட வேண்டும், இன்னொருவர் ஆவணத்தைத் திறந்து அதைச் சரிபார்க்க வேண்டும், மிச்ச நாளை மென்பொருள் எண்ணட்டும். நாங்கள் கையால் எழுதிய காலத்தில் புத்தகம் இரண்டு இருக்கும், ஒன்று என்னிடம், ஒன்று வக்கீலிடம். மாலையில் ஒத்துப் பார்க்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. மென்பொருள் வந்ததும் பல இடங்களில் முதலில் காணாமல் போனது அந்த இரண்டாவது புத்தகம்தான்.

இன்னும் ஒரு சந்தேகம். 'சாட்சியத்தின் நிலை' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அதில் 5 என்றால் சாட்சியம் வலுவா, ஆபத்து அதிகமா? உங்களுக்குத் தெரியும். ஒன்பது பேருக்கும் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். கையோடு, மொத்த ஸ்கோர் துல்லியமாக 60 இருக்கும் வழக்குகள் எத்தனை என்றும் ஒரு வடிகட்டி போட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் 3 போட்டால் 60 வரும். மென்பொருள் முன்கூட்டியே 3 வைத்திருந்தால், அதைத் தொடாமல் சேமித்த கோப்பு எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும்.

—

ஆர்பிஎன் அகதி எழுதியது:

நான் சட்டத்துறை இல்லை, கார் உதிரிபாகத் தரக்கட்டுப்பாடு. தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன், சொந்த வீட்டுச் சண்டையைக் கேட்டதுபோல் இருந்தது.

எங்களிடம் எஃப்எம்இஏ என்று ஒன்று உண்டு. ஒரு பாகம் எப்படியெல்லாம் பழுதாகலாம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிப்பு என மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவோம். மூன்றையும் பெருக்கினால் ஆர்பிஎன், அதிகபட்சம் 1000. இப்போது பாருங்கள். பிரேக் பிடிக்காமல் போகும் பழுது, தீவிரம் 10, வாய்ப்பு 2, கண்டுபிடிப்பு 2, ஆக 40. கைப்பிடி கொஞ்சம் ஆடும் பழுது, மூன்றுக்கும் 4, ஆக 64. பட்டியலில் கைப்பிடி மேலே, பிரேக் கீழே. இந்தக் கூத்தை நான் பல வருடம் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்தேன். 2019இல் அமெரிக்காவின் ஏஐஏஜி, ஜெர்மனியின் விடிஏ என்ற இரண்டு வாகனத்துறை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கையேடு ஆர்பிஎன்னை எடுத்துவிட்டு, தீவிரத்தை முதலில் பார்க்கும் ஒரு அட்டவணையைக் கொண்டுவந்தது. உயர்வு, நடுத்தரம், தாழ்வு என மூன்றே விடை. நீங்கள் கூட்டினீர்கள், நாங்கள் பெருக்கினோம், இரண்டிலும் கொல்லக்கூடியது நடுவில் ஒளிந்துகொண்டது.

திசைக் குழப்பமும் எங்களிடம் உண்டு. 'கண்டுபிடிப்பு 10' என்றால் கண்டுபிடிக்கவே முடியாது என்று பொருள். புதிதாக வருபவர் தலைகீழாகப் போடாமல் நான் பார்த்ததே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு: 1 முதல் 5 அளவை 20ஆல் பெருக்கினால் உங்கள் ஸ்கோர் பூஜ்யத்தில் தொடங்காது, 20இல் தொடங்கும். நடு 50 இல்லை, 60. 45 என்ற கோட்டை 0 முதல் 100 என்று நினைத்து வைத்திருந்தால் அது நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை.

—

கோப்பறை எழுதியது:

இரண்டு நாள் எடுத்துக்கொண்டு பார்த்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

துல்லியமாக 60 இருந்த வழக்குகள் 83. திறந்து பார்த்த முதல் இருபதில் பதினேழை யாரும் தொட்டதே இல்லை. அத்தனையும் மஞ்சள் நிறத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன, யாரோ யோசித்து நடுத்தரம் என்று முடிவு செய்ததுபோல.

சாட்சியத்துக்கு 5 என்றால் என்ன என்று ஒன்பது பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஆறு பேர் 'பலவீனம்' என்றார்கள். மூன்று பேர் 'வலு' என்றார்கள், அதில் ஒருவர் எங்கள் மூத்தவர். அதாவது அவருடைய வழக்குகளில் சாட்சியம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு சிவப்பு! "என் வழக்குகள் மட்டும் ஏன் எப்போதும் சிவப்பு?" என்று போன மாதம்கூட என்னிடம் கேட்டார். பெரிய வழக்குகள் என்பதால் இருக்கும் என்று பதில் சொல்லியிருந்தேன்.

காலக்கெடு 1 என்று இருந்து, உண்மையில் 30 நாளுக்குள் வந்துவிட்ட கோப்புகள் நான்கு. நான்கையும் அன்றே எடுத்துவிட்டோம், ஒன்றும் கெடவில்லை. ஆனால் தேதிப்புத்தகம் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வெயிட்டேஜை 40ஆக மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சரி, கொடியைத் தனியாக எடுத்துவிட்டேன். மீதி ஐந்துக்கு வெயிட்டேஜ் எப்படி வைப்பது? முதல் தடவை கூட்டத்தில் யார் சத்தமாகப் பேசினாரோ அவர் எண் நின்றது.

—

வாய்தா ராணி எழுதியது:

வெயிட்டேஜுக்கு முன்னால் ஒன்று. இந்த ஸ்கோரை யார் யார் பார்க்க முடியும் என்று பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கட்சிக்காரர்கள் தங்கள் கோப்பைப் பார்க்க ஒரு இணையப் பக்கம் திறந்தார்கள். எந்தப் பத்தி தெரியலாம், எந்தப் பத்தி தெரியக்கூடாது என்று பிரித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கட்சிக்காரர் அழைத்து, "கட்சிக்காரர் ஒத்துழைப்பு என்பதற்கு நேரே எனக்கு 5 போட்டிருக்கிறீர்கள், மிக்க நன்றி" என்றார்.

அதை அவருக்கு விளக்கும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது.

ஒத்துழைப்பு சிரிப்போடு போய்விட்டது. 'சாட்சியத்தில் ஓட்டை: 5' என்று எழுதி, பக்கத்தில் காரணமும் எழுதிய குறிப்பு தவறான கைக்குப் போனால் சிரிப்பு வராது. வழக்குரைஞரின் உள்குறிப்புக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும். அச்செடுக்கும்போதும் ஏற்றுமதி செய்யும்போதும் அந்தப் பத்தி வெளியே போகாதபடி முதலில் பூட்டுங்கள்.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

புள்ளியியல் என் பிழைப்பு. வெயிட்டேஜ் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஆறுதலான செய்தி. வெயிட்டேஜ் 20ஆ 25ஆ என்று கூட்டத்தில் அடித்துக்கொள்வது பெரும்பாலும் வீண். ராபின் டாவ்ஸ் என்ற உளவியலாளர் 1979இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் பிரபலம். சரியான காரணிகளைத் தேர்ந்தெடுத்து, திசையைச் சரியாக வைத்துவிட்டால், எல்லாவற்றுக்கும் சம எடை கொடுத்தாலே கணிப்பு வியக்கும்படி நன்றாக வருகிறது என்று காட்டினார். பிறந்த குழந்தைக்குப் போடும் ஆப்கார் மதிப்பெண்ணும் அப்படித்தான். வர்ஜீனியா ஆப்கார் 1952இல் வகுத்தது. ஐந்து அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, எல்லாம் சம எடை, மொத்தம் 10. தசமப் புள்ளியும் கிடையாது, பெருக்கலும் கிடையாது. அதில் உள்ள பலமே 0 எது, 1 எது, 2 எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம் என்பதுதான். உங்கள் மூத்தவருக்கும் மற்றவர்களுக்கும் சாட்சியத்தில் வந்த குழப்பம் எந்த வெயிட்டேஜாலும் தீராது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வாக்கியம் எழுதினால் தீரும். 'மூல ஆவணம் கையில் இருக்கிறது, சாட்சி வாக்குமூலம் கொடுத்துவிட்டார்' என்றால் 1. 'நகல் மட்டும் இருக்கிறது' என்றால் 3. 'முக்கிய சாட்சி எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை' என்றால் 5. பெயரையும் 'சாட்சியத்தில் ஓட்டை' என்று மாற்றுங்கள், வாய்தா ராணி தெரிந்தோ தெரியாமலோ நல்ல பெயர் கொடுத்திருக்கிறார்.

'தெரியாது' என்று ஒரு விடை கட்டாயம் வேண்டும், அது வெறுமையாக நிற்க வேண்டும். அதை 3 ஆக்காதீர்கள். மூன்று காரணி தெரியாத வழக்குக்கு ஸ்கோரே காட்டாமல் 'போதிய விவரம் இல்லை' என்று சாம்பல் நிறத்தில் காட்டலாம். சாம்பல் நிறம் சிவப்பைவிட வேகமாக ஆளை அசைக்கும் என்பது என் அனுபவம்.

இப்போது உங்கள் பட்டியல். தொகை 20, சிக்கல் 15, எதிர்த்தரப்பின் பலம் 10. இந்த மூன்றும் ஒன்றாகத்தானே ஏறி இறங்கும்? தொகை பெரிது என்றால் எதிர்த்தரப்பு பெரிய வழக்குரைஞரை வைக்கும், பெரிய வழக்குரைஞர் வந்தால் வழக்கு சிக்கலாகும். பெயர் மூன்று, சங்கதி ஒன்று. 'பெரிய வழக்கு' என்பதற்கு நீங்கள் அறியாமலே 45 கொடுத்துவிட்டீர்கள். மூத்தவர் வழக்குகள் சிவப்பாக இருந்ததற்கு நீங்கள் சொன்ன காரணத்தில் பாதி உண்மை உண்டு. பெரிய வழக்கு வேறு, ஆபத்தான வழக்கு வேறு. திங்கள் கூட்டம் பெரிய வழக்குகளின் கூட்டமாகத்தான் நடந்திருக்கும்.

தொகையைத் தனியே பிரியுங்கள். அது தோற்றால் எவ்வளவு நஷ்டம் என்பது. மற்றவை தோற்க எவ்வளவு வாய்ப்பு என்பது. இரண்டையும் ஒரே கூடையில் கூட்டினால், தொகை பெரிதாக இருந்து தோற்கவே வாய்ப்பில்லாத வழக்கும், தொகை சின்னதாக இருந்து தோற்கப் போகும் வழக்கும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். கணக்காளர்களும் இதைத்தான் கேட்பார்கள். உங்கள் கட்சிக்காரரில் நிறுவனம் இருந்தால் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் தணிக்கையாளர் கடிதம் வரும். ஐஏஎஸ் 37 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைப்படி, பணம் வெளியே போவது நடக்காமல் போவதைவிட நடக்கவே வாய்ப்பு அதிகம் என்றால், தொகையையும் நம்பும்படி மதிப்பிட முடிந்தால், ஒதுக்கீடு வைக்க வேண்டும். நடக்கலாம் என்ற அளவில் இருந்தால் குறிப்பில் வெளியிட வேண்டும். மிகத் தொலைவான வாய்ப்பு என்றால் அதுவும் வேண்டாம். அவர்களிடம் 'ஸ்கோர் 64' என்று சொல்லிப் பாருங்கள், திரும்பவும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். வாய்ப்பு எவ்வளவு, தொகை எவ்வளவு.

மிஞ்சிய காரணிகளுக்கு எடை வைத்தே ஆகவேண்டும் என்றால், 'எது முக்கியம்' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லாமே முக்கியம் என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: எல்லாக் காரணியும் 1இல் இருக்கும் ஒரு வழக்கு. அதில் ஒன்றே ஒன்று 5க்குப் போகப் போகிறது, எது போனால் உங்களுக்கு வயிறு கலங்கும்? அதற்கு 100. அடுத்தது எது, முதலாவதோடு ஒப்பிட்டால் அந்தக் கலக்கம் எவ்வளவு? 60 என்றால் 60. இப்படியே இறங்கி, கடைசியில் மொத்தத்தால் வகுத்தால் எடை வந்துவிடும். ஆளுக்கு ஒரு தாளில், பேசாமல், தனித்தனியாக எழுதவைத்து அப்புறம் ஒப்பிடுங்கள். சத்தமாகப் பேசுபவர் பிரச்சினையும் தீர்ந்தது.

எழுதிய எடையும் வேலை செய்யும் எடையும் ஒன்றில்லை என்பதையும் பாருங்கள். எதிர்த்தரப்பின் பலத்துக்கு ஏறக்குறைய எல்லா வழக்கிலும் 3 போட்டிருந்தால், அந்தக் காரணி எல்லோருக்கும் சமமாக 6 புள்ளி கூட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எடை 10 என்று காகிதத்தில் இருக்கும், ஒரு வழக்கைக்கூட வரிசையில் நகர்த்தாது. அப்படிப்பட்டதைத் தூக்கிவிடலாம்.

ஸ்கோர் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? முடிந்த வழக்குகளோடு ஒப்பிட்டால்தான். பொறுப்பாளர் தாக்கல் நாளன்று வெல்லும் வாய்ப்பை ஒரு எண்ணாக எழுதட்டும், எழுதியதைப் பூட்டிவிடுங்கள், தீர்ப்பு வந்தபிறகு யாரும் திருத்தக்கூடாது. வானிலைக் கணிப்பைச் சரிபார்க்க கிளென் பிரையர் 1950இல் சொன்ன வழி போதும். சொன்ன எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். 0.8 என்று சொல்லி வென்றால் 0.04, சொல்லித் தோற்றால் 0.64. சராசரி குறைவாக இருந்தால் நல்லது. எப்போதும் 0.5 என்றே எழுதுபவருக்கு 0.25 வரும், அதைவிட மோசமாக வருபவர் நாணயத்தைச் சுண்டிப் போடலாம். சமரசமாக முடிந்தவற்றை வென்றதாகவா தோற்றதாகவா எண்ணுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் எல்லாச் சமரசமும் வெற்றியாகிவிடும்.

—

தேதிப்புத்தகம் எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெயிட்டேஜை மாற்றும் நாளில் பழைய ஸ்கோர் எல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும், சில மென்பொருளில் பழையதின் தடமே இருக்காது. போன மாதம் மஞ்சள் என்று பார்த்துவிட்டு எடுத்த முடிவுக்கு இன்று விளக்கம் கேட்டால், திரையில் பச்சை தெரியும். ஸ்கோரோடு தேதியும், எந்த வெயிட்டேஜ் பதிப்பில் போட்டது என்பதும் சேமிக்கப்பட வேண்டும். உங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால் மாற்றுவதற்கு முந்தின நாள் மொத்தத்தையும் எக்செல்லுக்கு இறக்கி வையுங்கள். எக்செல்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஸ்கோரை வைத்து யாருடைய வேலையையும் மதிப்பிடாதீர்கள், அதையும் மூத்தவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 'சிவப்பு அதிகம் வைத்திருப்பவர் யார்' என்று ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த திங்கள் சிவப்பே இருக்காது.

—

கோப்பறை எழுதியது:

மாற்றிவிட்டேன். முதலில் ஏற்றுமதியைப் பூட்டினேன். அப்புறம் பழைய ஸ்கோர்களை எக்செல்லுக்கு இறக்கினேன், ஆம், அது தெரியும்.

இப்போது திரையில் மூன்று பத்தி: கொடி, வாய்ப்பு, தொகை. வாய்ப்பில் மூன்றே காரணி, சாட்சியத்தில் ஓட்டை, சிக்கல், ஒத்துழைப்பு. எதிர்த்தரப்பின் பலத்தை எடுத்துவிட்டோம். 310இல் 262 வழக்கில் அது 3 ஆக இருந்தது, அதற்காக யாரும் வாதாடவில்லை. எடையைத் தாளில் எழுதச் சொன்னேன். ஒன்பது தாளும் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாக வந்தன. போன வருடம் நாற்பது நிமிடம் எதற்காகச் சண்டை போட்டோம் என்று ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

கொடியை இயக்கிய முதல் நாள் 19 விழுந்தது. 11 வெறும் பதிவுக் குறை, தாக்கல் செய்தாயிற்று, தேதி மட்டும் ஏற்றவில்லை. மீதி எட்டில் ஐந்து, விடுப்பில் போனவருக்கு மாற்று ஆள் பெயர் இல்லாதவை. இரண்டு, உத்தரவை நிறைவேற்ற வேண்டிய தேதி நெருங்கியவை. இன்னொன்றில் நலன் முரண்பாடு சரிபார்ப்பு நடக்கவே இல்லை, அந்தக் கோப்பைத் திறந்தவன் நான்.

சாம்பலில் இன்னும் 71 வழக்குகள் நிற்கின்றன. மூத்தவர் தன்னுடைய பன்னிரண்டை நேற்று இரவே நிரப்பிவிட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் எழுதிவைத்த வாக்கியத்தை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், 'ஓட்டை' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு.